எனக்கெதுக்கு மாத்திரை

இந்தத் தூக்குப்போசியச் சித்தெ அக்கட்ட நகத்திக்கறேன், நீங்க நல்லா உக்காருங்க. காலிதானுங்க, பஸ்ஸு குலுங்குனாலும் சேலையில ஊத்தாது. காலையில போகும்போது இது நெறைய அரிசிம்பருப்பு சாதம் கொண்டு போனேன். சின்ன வெங்காயம் நெறையாப் போட்டு, மேலாக நெய்யி விட்டு. ஆஸ்பத்திரியில ஒரு புள்ளைக்கு. ஒரு பருக்கை மிச்சமில்லாமச் சாப்பிட்டாளுங்க. அவங்கம்மாவே அசந்து போயிட்டாங்க.

சொந்தமெல்லாம் இல்லீங்க. எங்கிட்ட வந்துட்டிருந்த புள்ளை. மோகனப்பிரியான்னு பேரு. நான் கோபியில ஒரு கிளினிக் வெச்சிருக்கேன். டாக்டரில்லை, டயட்டீசியன். என்ன சாப்பிடணும், எப்பச் சாப்பிடணும்னு சொல்றவ. அதுலயும் மனசு சரியில்லாதவங்களுக்கு.

எல்லாரும் இப்படித்தான் பாப்பாங்க, நீங்க பாக்கறாப்பலயே. மனசுக்கும் சோத்துக்கும் என்ன சம்பந்தம்னு. நான் கோயமுத்தூருல ஒரு ஆஸ்பத்திரியில வருசக்கணக்கா சாப்பாட்டுப் பிரிவுல இருந்தவங்க. சர்க்கரை வார்டு, கிட்னி வார்டு, எல்லாத்துக்கும் என்ன குடுக்கணும்னு டாக்டருங்க எழுதி அனுப்புவாங்க. மனநல வார்டுக்கு மட்டும் ஒண்ணும் வராது. எதையோ குடுங்கம்பாங்க. அங்கிருந்து தட்டு அப்படியே திரும்பி வரும். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. கழுவறவங்க கொட்டீட்டுக் கழுவி வெச்சிருவாங்க. நான் அந்தத் தட்டுகளைப் பாத்துட்டு நிப்பேன். அப்பத்தான் ரோசனை வந்துது, இதுக்குன்னே ஒரு எடம் போடலாம்னு.

போட்டேனுங்க. நம்ம ஊர்லயே போட்டேன்.

நான் எப்படிப் பாப்பேன்னா, வந்தவங்களை உக்கார வெச்சு, நேத்து எந்திரிச்சதுல இருந்து என்னென்ன சாப்பிட்டீங்கன்னு கேப்பேன். பொம்பளைங்க ஒருத்திகூட ஒழுங்காச் சொன்னதில்லை. காலையில இட்லி, தேங்காச் சட்னி, மத்தியானம் பருப்பு, பீர்க்கங்காப் பொரியல், பொழுதோட பஜ்ஜின்னு ஒப்பிப்பாங்க. நானும் ஆரம்பத்துல எழுதி எழுதி வெச்சுட்டு, இவ்வளவு நல்லாச் சாப்பிடறவங்களுக்கு என்ன கேடுன்னு மண்டையப் போட்டு ஒடச்சுக்குவேன். பொறகுதான் தெரிஞ்சுது, அதெல்லாம் அவங்க ஆக்குனது. சாப்பிட்டதில்லை. என்ன சாப்பிட்டேன்னு கேட்டா என்ன ஆக்குனேன்னு சொல்றாங்க. அப்பறம் கேள்விய மாத்திட்டேன். எங்க உக்காந்து சாப்பிட்டீங்கன்னு கேப்பேன். அதுக்கு முழிப்பாங்க. அப்பத் தெரிஞ்சு போகும், கை நனைக்கவே இல்லைன்னு.

இப்படியெல்லாம் நான் கண்டுபுடிச்சுருவேனுங்க. எங்கிட்ட யாரும் பொய் சொல்ல முடியாது.

ஆனா மொதல்ல யாருமே வரலை. போர்டுல பெருசா மனநல உணவு ஆலோசனைன்னு எழுதியிருந்தேன். எனக்கு மேல்மாடியில கல்யாணத் தகவல் மையம். குழந்தைசாமின்னு ஒரு அண்ணன் நடத்துறாரு. நான் பால் காய்ச்சுன வாரமே எறங்கி வந்தாரு. "அம்மிணி, உம்பட தொழிலை நான் குத்தம் சொல்லலை. ஆனா ஒரே படியில ஜாதகம் கொண்டாற பொண்ணும் ஏறுது, மனசு சரியில்லாத பொண்ணும் ஏறுதுன்னா, எது எதுக்கு ஏறுதுன்னு பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"ன்னாரு. அவரு கேட்டதுலயும் நாயம் இருக்குதுங்களே. ஒரு புள்ளைக்குப் பேரு கெட்டுப் போனா அப்பறம் யாரு பாக்கறது.

அதுக்குத்தான் நான் ஒரு வழி பண்ணினேன். கட்டடத்துக்குப் பின்னால, கீழ, மாவு மில் இருக்குது. அங்கிருந்து ஒரு படி ஏறுது, என்ற ரூமு பின்கதவுக்கு. வர்றவங்க கிட்டப் போன்லயே சொல்லீருவேன், கையில ஒரு டப்பா ராகியோ கோதுமையோ எடுத்துட்டு வாங்க, மில்லுல குடுத்துட்டுப் பின்படியில ஏறி வந்துருங்க, பேசி முடிக்கறதுக்குள்ள மாவு அரைச்சிருக்கும்னு. பாக்கறவங்களுக்கு மாவு அரைக்க வந்தாப்பல. அதுக்கப்பறம் கூட்டம் வந்துது பாருங்க. மில்லுக்காரர் எனக்குக் கும்பிடு போடுவாரு. ஒரு வாத்தியாரம்மா வூட்டுல மாவு ரொம்பிப் போயி, மூணு வேளையும் ராகிக் களி கிண்டித் தீத்தாங்களாம்.

எங்க வூட்டுக்காரர் சென்னியப்பன் கோழித்தீவனக் கடை வெச்சிருக்கார். அவரு லேசுல யாரையும் மெச்ச மாட்டாரு. அவரே சொன்னாரு, பரவால்ல, உனக்கும் மூளை வேலை செய்யுதுன்னு. நானும் சிரிச்சேன். சிரிக்கணும்னு தெரிஞ்சுது, சிரிச்சேன்.

அப்படிக் கம்பு டப்பாவோட வந்தவங்கதான் தனபாக்கியத்தக்கா. பின்னாலயே மோகனப்பிரியா, தலையத் தொங்கப் போட்டுட்டு. குழந்தைசாமியண்ணன் அவங்களுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. அவருதான் அனுப்பியிருந்தாரு. "கோகிலா, தையில ஒரு எடம் வருது. பையன் பெங்களூர்ல இருக்கான். இவளுக்கு ஒடம்பு வெச்சுப் போச்சு. கொறைச்சுக் குடு"ன்னாங்க. அக்கா மாவு எந்த மட்டுல இருக்குதுன்னு பாக்கக் கீழ எறங்குனதுதான் தாமசம், புள்ளை மெதுவாச் சொன்னா. "அக்கா, நான் மாத்திரை சாப்பிடறேன். மனசுக்கு. அது சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்துதான் ஒடம்பு வெச்சுது. அம்மாவுக்கு அதை உங்ககிட்டச் சொல்றதுல இஷ்டமில்லை."

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? மாத்திரைய உங்க டாக்டர் பாத்துக்குவாரு, சோத்தை நான் பாத்துக்கறேன், ஒண்ணுக்கொண்ணு சண்டையில்லைன்னு சொன்னேன். எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுவேன். வேணும்னா யாரை வேணா கேட்டுப் பாருங்க. மாத்திரைய நிறுத்துன்னு நான் சொல்லவே இல்லீங்க.

நல்லாத்தான் வந்துது. காலையில வெறும் காப்பியக் குடிச்சுட்டு ஓடிட்டிருந்த புள்ளைய உக்காந்து சாப்பிட வெச்சேன். முட்டை, பச்சப்பயிறு, கீரை, மத்தியானம் கொள்ளுப்பருப்பு. பொழுதோட வாய்க்கால் மேட்டுல நடக்கச் சொன்னேன். முகம் தெளிஞ்சுது. ஒரு நாளு அவளே பணியாரம் சுட்டு எடுத்துட்டு வந்தா. குழி ஒட்டிப் போயி பாதி பாதியாத்தான் இருந்துது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா. எனக்கு அவளைப் பாத்துட்டே இருக்கலாம்னு இருந்துது. ஒரு ஆளு சிரிக்கறதுக்குள்ள என்னென்னவெல்லாம் சேந்து வரணும்னு எனக்குத் தெரியுமுங்க.

அன்னைக்குத்தான் கேட்டா. பணியாரத்தைக் கையில வெச்சுட்டே. "அக்கா, நீங்க எப்பவாச்சும் இந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?"

எதுக்குக் கண்ணு கேக்கறேன்னேன்.

"எனக்குத் தெரிஞ்சு யாருமே சாப்பிடலைக்கா. என்ற பிரண்டுங்க, சித்தி, பெரியம்மா மகளுக, யாருமே. நான் மட்டுந்தான். வேற ஒருத்தர் இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது."

நான் சொன்னேன், "எனக்கெதுக்குக் கண்ணு மாத்திரை? நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குப் படுத்தா எல்லாம் தானாச் சரியாப் போயிரும்"னு.

சரிங்கக்கான்னா. பணியாரத்தைத் தின்னு முடிச்சுட்டுப் போனா.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்னங்க. பஸ்ஸுல பாக்கறவங்க நீங்க, எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ. நான் மாத்திரை சாப்பிடறவதான். இன்னைக்கு நேத்தில்லை, ஆஸ்பத்திரி வேலையில இருக்கும்போதே ஆரம்பிச்சது. என்னத்துக்கு வந்துதுன்னு கேட்டா எனக்கே தெரியாது. யாரும் சாகலை, எதுவும் கெட்டுப் போகலை. ஒரு நாள் காலையில தோசை ஊத்திட்டு நிக்கறேன். அது கருகுது. திருப்பணும்னு தெரியுது, கை போக மாட்டேங்குது. பொகை வந்து, கல்லே கருத்து, நான் பாத்துட்டே நிக்கறேன். அப்படியே ஒரு வருசம் போச்சுன்னு வெச்சுக்கங்களேன். எங்க ஆஸ்பத்திரியிலயே காட்டுனா தெரிஞ்சு போகும்னு, அக்கட்ட வேற ஒரு டாக்டரைப் போயிப் பாத்தேன். மாத்திரை குடுத்தாரு. எந்திரிச்சு நடமாட வெச்சது அதுதான். சோறு இல்லீங்க. சோத்தைப் பத்திப் படிச்சவதானுங்களே நான், எனக்கு என்ன சாப்பிடணும்னு தெரியாமையா தோசையக் கருக்குனேன்?

கால்சியம் புட்டி ஒண்ணுல போட்டு வெச்சிருக்கேன். வூட்டுல எலும்புக்குன்னு சொல்லியிருக்கேன். சில நாளைக்கு அவரே ஞாபகப்படுத்துவாரு, எலும்பு மாத்திரை போட்டியான்னு. நல்ல மனுசன். அவருக்கு எதுக்கு வீணாக் கவலை. இப்ப எனக்கு ஒரு கொறையுமில்லை. அழுகை வர்றதில்லை, அவ்வளவுதான். போன வருசம் எங்கப்பாரு போனப்பக்கூட எல்லாரும் அழுவறாங்க, நான் வந்தவங்களுக்குக் காப்பி பத்துமான்னு பாத்துட்டிருந்தேன். நல்ல தைரியசாலின்னு பேரு வாங்குனேன்.

நீங்களே சொல்லுங்க, மனசுக்கு வைத்தியம் பாக்கறவளே மாத்திரை திங்கறான்னா எவ வருவா எங்கிட்ட? அந்தப் புள்ளை அவங்கம்மாகிட்டச் சொல்லும், அம்மா தம்பிகிட்டச் சொல்லும், குழந்தைசாமியண்ணன் மாடியில உக்காந்துட்டு வர்ற போறவங்களுக்கெல்லாம் சொல்லுவாரு. கிளினிக்கை இழுத்துப் பூட்டீட்டுப் போக வேண்டியதுதான். இதை ஆரம்பிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால இல்லைன்னேன். ஒரு வார்த்தைதானுங்களே.

அதுக்கப்பறமும் வந்துட்டுத்தான் இருந்தா. எடை கொறைஞ்சுது. தனபாக்கியத்தக்கா என்னையத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுனாங்க. நானும் என்ற சாப்பாட்டாலதான்னு நெனச்சேன். அவ மாத்திரைய எப்ப நிறுத்துனான்னு யாருக்கும் தெரியாது. எடுத்து எடுத்துத் தோட்டத்துல வீசியிருக்கா. பொறகு தூக்கம் போச்சு. சாப்பாடும் போச்சு. எங்கிட்ட வந்தப்ப நேத்து என்ன சாப்பிட்டேன்னு நான் கேட்டா, இட்லி, கீரை, கொள்ளுப்பருப்புன்னு நான் எழுதிக் குடுத்ததையே திருப்பிச் சொல்லியிருக்கா. நானும் எழுதிக்கிட்டேன். எங்க உக்காந்து சாப்பிட்டேன்னு அவகிட்ட மட்டும் கேக்காம விட்டுட்டேன். நல்லா இருக்கற புள்ளையாச்சேன்னு.

ஒரு நாளு பொழுதோட வாய்க்காலுக்குள்ள எறங்கிட்டா. எருமை கழுவ வந்த ஒருத்தரு பாத்திருக்காரு. இடுப்பளவு தண்ணியில, தண்ணி போற பக்கமாப் பாத்துட்டு நின்னுட்டிருந்தாளாம். கூப்பிட்டிருக்காரு, திரும்பலை. எறங்கிப் போயிக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்காரு. ஏம்மா எறங்குனேன்னு கேட்டதுக்கு, தெரியலைங்கன்னு சொன்னாளாம்.

எனக்கு விசயம் வந்தப்ப நான் வெண்டைக்கா நறுக்கிட்டிருந்தேன். கேட்டுட்டு மிச்சத்தையும் நறுக்கி முடிச்சேன்.

பழி எம்மேல வந்துதுங்க. அதுதான் எனக்குத் தாங்கலை. தாங்கலைன்னா, தாங்கலைன்னு சொல்லணும்ல. தனபாக்கியத்தக்கா போன் பண்ணி, "உங்கிட்டக் கூட்டிட்டு வந்ததுல இருந்துதான் இப்படி ஆச்சு. நீ என்ன சொன்னே எம்புள்ளைகிட்ட?"ன்னாங்க. நான் என்ன சொன்னேன்? முட்டை சாப்பிடுன்னு சொன்னேன். நடன்னு சொன்னேன். மாத்திரைய நிறுத்துன்னு நான் சொல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணினேன். இந்தம்மா பொண்ணு பாக்க வர்றாங்கன்னு அந்தப் புள்ளைய ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுனது கணக்கில்லை, நான் சொன்னதுதான் கணக்கு.

அப்பறம் நேத்து மறுபடி அவங்களே கூப்பிட்டாங்க. கொரலே மாறியிருந்துது. "கோகிலா, அவ மாத்திரைக்கு வாயத் தொறக்க மாட்டேங்கறா. கோகிலாக்கா ஒரு மாத்திரையும் இல்லாம எவ்வளவு தைரியமா இருக்காங்க, நானும் இருந்து காட்டறேன்னு அதையே சொல்லிட்டிருக்கா. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு சாமி. நீ சொன்னாக் கேப்பா."

அதுக்குத்தான் காலையில போனேன்.

அங்க ஒரு லேடி டாக்டர். சின்ன வயசுதான். என்னைய வெளிய நிறுத்திப் பேசுனாங்க. "இங்க மாத்திரை சாப்பிடாட்டி நாங்க வேற வழி பாப்போம். ஆனா வூட்டுக்குப் போனப்பறம் அவளாச் சாப்பிடணும். இல்லைன்னா மறுபடி தண்ணியில எறங்க மாட்டான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. உங்களைத்தான் நம்பறா"ன்னாங்க. சரிங்கன்னேன்.

உள்ள போனா, கட்டில்ல படுத்திருக்கா. மணிக்கட்டு இத்தனூண்டாப் போச்சு. என்னையப் பாத்ததும் சிரிக்கப் பாத்தா. போசியத் தொறந்தேன். வாசத்துக்கே எந்திரிச்சு உக்காந்தா. உருட்டி உருட்டிக் குடுத்தேன், வாங்கிச் சாப்பிட்டா. அந்த ரூமுல இருக்கறவங்க எல்லாம் பாத்தாங்க. நர்ஸம்மா மாத்திரையும் தண்ணியும் கொண்டாந்து வெச்சாங்க. அப்ப என்ற கையப் புடிச்சுக்கிட்டா, சோத்துக் கையவே. கேட்டா.

"அக்கா, நெசமாச் சொல்லுங்க. நீங்க சாப்பிட்டதே இல்லீங்களா?"

அவங்கம்மா தலைமாட்டுல நிக்கறாங்க. என்ற கைப்பை மடியில இருக்குது. புட்டி உள்ள இருக்குது, வெளிய போனா எடுத்துட்டுத்தான் போவேன். எடுத்துக் காட்டுனாப் போதும்னு எனக்குத் தெரியுதுங்க. அந்தத் தோசை மாதிரிதான். திருப்பணும்னு தெரியுது.

"இல்ல கண்ணு. ஆனா நீ சாப்பிடணும்"னு சொன்னேன்.

அவ கைய விட்டுட்டா. அப்படியே சாஞ்சு படுத்து, வாய இறுக்கிக்கிட்டா. மாத்திரை அங்கேயே கெடக்குது. நர்ஸம்மா எடுத்துட்டுப் போனாங்க.

ஆனா சோறு பூராச் சாப்பிட்டாளுங்க. அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க பாருங்க. ஒரு பருக்கை மிச்சமில்லை. நாளைக்கும் வரேன்னு சொல்லியிருக்கேன். கொள்ளு ரசம் வெச்சு எடுத்துட்டுப் போலாம்னு இருக்கேன். கொஞ்சங் கொஞ்சமாச் சரியாகும். சாப்பாட்டுல ஆரம்பிச்சா எல்லாம் வரும். எனக்கு அனுபவம் இருக்குது.

நீங்க ஒண்ணும் பேசவே இல்லையே. அவிநாசியில நீங்க ஏறுனதுல இருந்து நானேதான் பேசிட்டு வர்றேன். தண்ணி வேணுங்களா? இல்லையா. பையில என்ன தேடறீங்க?

ஓ.

இதே மாத்திரைதானுங்க. பேருகூட இதேதான். நீங்களா சாப்பிடறீங்க? ரெண்டு வருசமாவா? வூட்டுல யாருக்கும் தெரியாதுங்களா. அப்ப இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதே இல்லையா. எங்கிட்டத்தான் மொதத் தடவையா.

அழுகாதீங்க. கண்ணத் தொடைங்க, பாக்கறாங்க. நான் சொன்னதைக் கேட்டதும் தனியா இல்லைன்னு தோணுச்சுங்களா. சரி, சரி.

நீங்க எந்த ஊருங்க? கோபியேவா? நான் கோபி தாண்டி அந்தியூர் போறவங்கன்னில்ல நெனச்சேன். கோபியில எங்க? மார்க்கெட் பக்கமா. அப்ப குழந்தைசாமியண்ணனைத் தெரிஞ்சிருக்குமே. பையன் ஜாதகம் அவருகிட்டத்தான் குடுத்திருக்கீங்களா.

இல்லீங்க, இருங்க. நான் சொன்னதை நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. இந்தப் பையில இருக்கற மாத்திரை எனக்கில்லீங்க. எங்க வூட்டுக்காரருக்கு. அவருக்குத்தான் கொஞ்சம் அப்படி. தோசைன்னு சொன்னேனில்ல, அது அவரு ஊத்துனது. நான் பாத்ததைச் சொன்னேன். பேச்சுவாக்குல என்னைய வெச்சுச் சொல்லீட்டேன்போல. நான் ஒரு மாத்திரையும் சாப்பிட்டதில்லீங்க. எனக்கெதுக்கு?

ஆனா நீங்க கவலையே படாதீங்க. கிளினிக்குக்கு வாங்க. உங்களை மாதிரி எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். நம்பர் எழுதித் தர்றேன், பேனா இருக்குதுங்களா?

ஏனுங்க, எங்க எந்திரிச்சுட்டீங்க? நம்பியூர்தானுங்க வந்திருக்குது. கோபி இன்னும் வரலையே.